ஆறு அங்குலம் வெட்டிய மட்டை

பாலக்கரை,
திருச்சி.
ஆடி 22

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை சரவணனும் ஜானுவும் அதேபோல் இருக்க வேண்டும் என்று சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம், அதுவும் இந்தக் காலத்தில் என்று பயந்துவிடாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் வந்ததும் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் ஜானு இருப்பாள், இந்தப் பக்கம் உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்ல வேண்டியது அப்படிச் சொல்லக்கூடியதாக இல்லை. லைனிங் துணிக்கடை பாய் மகள் ஷஹனாஸ் லீவு முடிந்து சனிக்கிழமை வின்னிபெக் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மா கொடுத்த பருப்புப்பொடியும் அவளிடம்தான் இருக்கிறது, இரண்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை. படி ஏறி இறங்கவே கூடாது என்று புத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மாவும் சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்து, நாலாம் நாள் ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படி முழுக்க இறங்கிக் காவிரியில் காலை நனைத்துவிட்டுத்தான் வந்தாள். கேட்டால், ஆத்தைப் பாக்கப் போறதுக்கு டாக்டரை எதுக்குங்க கேக்கணும் என்கிறாள். இந்த வருஷம் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. கடையில் யூனிஃபார்ம் வேலை எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது வருவது ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது மாதிரி சில்லறை வேலைதான். அதனால் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. கிடைக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். ஜானு இந்த வருஷம் ஐஸ் ஹாக்கிக்குப் போகலையாம்ப்பா, அவளே வேண்டாம்னுட்டா, கையில பலம் இல்லைன்னு அவளுக்கே தெரிஞ்சுபோச்சு, பேர் கொடுக்குற தேதி மாசக் கடைசியோட முடியுது, நானும் விட்டுட்டேன் என்றாய். நான் ம் என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், ஞாபகம் இருக்கும். அன்றையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை கலை. கையில் பலம் இல்லை என்பது அந்தப் பிள்ளையாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அது என் வார்த்தை. அதை அவள் வாயில் போட்டவன் நான்தான்.

டிசம்பரில் நான் அங்கே வந்திருந்தபோது நீயும் நானும் ஜானுவுமாக மட்டை வாங்கப் போனோமே, அந்தக் கடையிலிருந்து சொல்கிறேன். பேத்திக்கு மட்டை நான்தான் வாங்கித் தருவேன் என்று அடம்பிடித்து வந்தேன். கடையில் இருந்த பெண், மூக்கில் வளையம் போட்டிருந்தாளே, அவள் ஜானுவை நிற்கவைத்து அளந்தாள், எடை கேட்டாள். அறுபத்தாறு பவுண்டு என்றாய். மட்டையில் போட்டிருக்கும் நம்பர் எடையில் பாதியாக இருக்க வேண்டும், இவளுக்கு முப்பது போதும், மிஞ்சினால் முப்பத்தைந்து என்று அவள் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அதற்குப் பெயர் ஃபிளெக்ஸ் என்றாய். எனக்கு நம் ஊரில் மூலைக்கு மூலை கட்டுகிற கல்யாண பேனர்தான் ஞாபகம் வந்தது, சிரித்துவிட்டேன். முப்பது, நாற்பது, அறுபது என்று வரிசையாக நம்பர் பார்த்ததும் சட்டை அளவு மாதிரிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முப்பது சின்னப் பிள்ளைக்கு, அறுபது பெரிய பிள்ளைக்கு, வளரும் பிள்ளைக்கு அறுபதை வாங்கிக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் மூன்று வருஷம் வரும், அவ்வளவுதான் கணக்கு. நீ விடவில்லை. அது சைஸ் இல்லப்பா, எவ்வளவு வளையுங்கிறதோட நம்பர், அந்தப் பொண்ணு சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்கப்பா என்றாய். நான் கேட்கவில்லை. நாப்பது வருஷமா வளர்ற பிள்ளைங்களுக்குத் தைக்கிறவன் நான், எனக்கு இந்தப் பொண்ணு பாடம் எடுக்கணுமா என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பெண்ணுக்கு மொழி புரியாவிட்டாலும் சத்தம் புரிந்துவிட்டது, ஒதுங்கிப் போய்விட்டாள். நீ வாயை மூடிக்கொண்டாய். ஆபீசில் அத்தனை பேரை வேலை வாங்குகிறவள், அப்பா குரல் உயர்ந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாய். என் மகள் இன்னும் என் பேச்சைத் தட்டமாட்டாள் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

அறுபதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிறுத்திப் பார்த்தால் மட்டை அவள் தலைக்கு மேல் நாலு விரல் நின்றது. மாப்பிள்ளையின் ரம்பத்தை எடுத்து, கராஜில் வைத்து, மேலே ஆறு அங்குலம் அறுத்தேன். முனையைத் தேய்த்து, கறுப்பு டேப்பைக் கைப்பிடியிலிருந்து கீழே வரைக்கும் காலர் பட்டி மாதிரி நேராகச் சுற்றினேன். அதில் அந்த நம்பரும் மறைந்துபோனது, அழகுக்காகச் சுற்றியதுதான், வேறு நினைப்பு அப்போது இல்லை. ஜானு தாத்தா சூப்பர் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இது எனக்கு ஊறிப்போன புத்தி. எந்தப் பிள்ளைக்கு அளவெடுத்தாலும் கை தானாக இரண்டு அங்குலம் கூட்டி எழுதும். தாய் தகப்பன்மார் அதைத்தான் கேட்டு வருவார்கள். அண்ணே, வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா வைங்க என்பார்கள். நானும் கீழே மடித்து, உள்ளே தையல் விட்டுக் கொடுப்பேன், அடுத்த வருஷம் பிரித்துவிடுவேன். ஊர்ப் பிள்ளைகளுக்காவது இரண்டு அங்குலம், உனக்கு மூன்று வைப்பேன், டெய்லர் மகள் ஆயிற்றே. நேற்று பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட உன் தோள் சட்டையின் தோளில் இல்லை. நீ போட்ட எந்த உடுப்பும் போட்ட அன்றைக்கு உனக்குச் சரியாக இருந்ததில்லை, சரியாகிற நேரத்தில் சாயம் வெளுத்திருக்கும். ஒரு நாளாவது நீ வாய்விட்டுச் சொன்னாயா? சொல்ல விட்டேனா என்று கேட்பதுதான் சரி.

செவ்வாய்க்கிழமை கடைக்கு ஆசாரி பிச்சமுத்து வந்திருந்தார். துணிக்கட்டு அடுக்குகிற நீளப் பலகை நடுவில் தொங்கிவிட்டது, மாற்றச் சொல்லியிருந்தேன். புதுப் பலகை எதுவும் கொண்டுவரவில்லை, அதே பலகையை இரண்டாக அறுத்து, தனித்தனியாகத் தாங்கி கொடுத்து மாட்டினார். இத்துப்போன பலகையாச்சே, தாங்குமா என்று கேட்டேன். இத்துப்போகலண்ணே, நீளமா இருந்தா வளையத்தான் செய்யும், அதையே குட்டையா அறுத்துட்டா இரும்பு மாதிரி விறைச்சு நிக்கும், எந்தக் கட்டைக்கும் அதுதானே என்று சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு ஆணி அடித்தார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். துணியை வெட்டினால் அளவுதான் மாறும், துணி மாறாது. கட்டை அப்படியில்லையாமே. ஏற்கெனவே அவளால் வளைக்க முடியாத மட்டை, அதை ஆறு அங்குலம் அறுத்து இன்னும் விறைப்பாக்கி அந்தப் பிஞ்சுக் கையில் கொடுத்திருக்கிறேன். மட்டை ஐஸில் ஊன்றி வில் மாதிரி வளைந்து நிமிர்ந்தால்தானே பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கிற அந்தக் கறுப்பு வட்டு எழும்பிப் பறக்கும். அவள் கடப்பாரையை வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இதோடு நிறுத்தினால் அப்பா தெரியாமல் செய்த பிழை என்று ஆகிவிடும். முதலில் அப்படித்தான் எழுதினேன் கலை, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிச்சமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்பது பொய். எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும்.

தினம் சாயங்காலம் நானும் ஜானுவும் ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கிற ஐஸ் மைதானத்துக்குப் போவோமே. ஒரு நாள் அவள் சிநேகிதி, எதிர் வீட்டு சம்ரீன், தன் மட்டையைக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொன்னாள். ஜானு அடித்தாள். வட்டு தரையை விட்டு எழும்பி, வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டாவதும் எழும்பியது, மூன்றாவதும் எழும்பியது. சம்ரீனும் இவள் உயரம்தான், இவள் கனம்தான், அவள் மட்டையில் முப்பது என்று போட்டிருந்தது கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. ஜானு கத்திக்கொண்டு ஓடிவந்தாள், தாத்தா பாத்தீங்களா, தாத்தா பாத்தீங்களா என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அடுத்தவங்க மட்டையில அடிச்சா அது உன் அடி இல்ல, உன்னோடதை எடு என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய்த் தன் மட்டையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது, என் மட்டை ரொம்ப கெட்டியா இருக்கா தாத்தா என்று மெல்லக் கேட்டாள். மட்டை நல்ல மட்டைதான், உன் கையிலதான் பலம் இல்ல, பாலை மிச்சம் வைக்காம குடி என்றேன். அம்மாட்ட இதையெல்லாம் சொல்லிட்டிருக்காத என்றும் சொன்னேன். சொன்னால் நீ அந்தக் கடையை ஞாபகப்படுத்துவாயே என்ற பயம். அந்த மூக்கு வளையக்காரி சொன்னது சரி, நான் கத்தியது தப்பு என்று ஆகிவிடுமே. அவ்வளவுதான் காரணம், அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

மார்ச்சில் கோச் உன்னைக் கூப்பிட்டு, இவள் இன்னும் வட்டைத் தூக்கி அடிக்கப் பழகவில்லை, அடுத்த வருஷம் கீழ் டீமில் போடலாம் என்று சொன்னார். அன்றைக்கு நீ ஜானுவைப் பிடித்துக்கொண்டாய். தினம் தாத்தாவைக் குளிர்ல இழுத்துட்டுப் போறியே, அங்க போய் என்னதான் பண்ற, பிராக்டிஸ் பண்றியா விளையாடிட்டு வரியா என்று கேட்டாய். உன்மேல் தப்பில்லை, நம்பரை நீ மறந்துவிட்டாய், இல்லை என் சத்தத்துக்குப் பயந்து மறந்த மாதிரி இருந்தாயோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. ஜானு என்னைத்தான் பார்த்தாள். நான் மாப்பிள்ளையின் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன், குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நீ மறுபடி கேட்டாய். சாரிம்மா, இனிமே ஒழுங்கா பண்றேன் என்றாள். அந்தச் சாரி நான் சொல்லியிருக்க வேண்டியது. பத்து வயதுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றினாள், நான் அவளுடையதைக் காப்பாற்றவில்லை. ஏப்ரலில் ஏர்போர்ட்டில் அவள் அழுதபோதாவது சொல்லியிருக்கலாம். கண்ணைத் துடைத்துவிட்டு, நல்லா படிக்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அதட்டலாக எடுத்துக்கொள்ளாதே, கெஞ்சித்தான் கேட்கிறேன். அந்த மட்டையை முதலில் வீட்டை விட்டு அனுப்பு, தாத்தா வாங்கியது என்று எடுத்து வைக்காதே. ஜானுவை இன்றைக்கு எடைபோட்டு, அதில் பாதிக்குப் பக்கத்து நம்பராக, கையில் பிடித்துப் பார்த்து அவளுக்கு எது வளைகிறதோ அதை வாங்கு. அந்தக் கடைக்கே போ, அந்தப் பெண் இருந்தால் அவள் சொல்கிறபடி வாங்கு, முடிந்தால் அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று சொல். வளருவாள் என்று கூட்டி வாங்காதே, வளர்ந்தால் வளர்ந்தபோது வேறு பார்த்துக்கொள்ளலாம். மாசக் கடைசிக்குள் பேர் கொடுக்க முடியுமா என்று கேட்டு வை. அதற்கப்புறமும் அவள் ஹாக்கி வேண்டாம் என்றால் விட்டுவிடு, பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை எதையும் விடலாம். ஆனால் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் விடக்கூடாது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதே.

அவளுக்கென்று உள்ளே தனியாக ஒரு சின்னத் தாள் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தமிழ் பேச வருமே தவிர படிக்க வராது, நீதான் படித்துக் காட்ட வேண்டும். நாலு வரிதான். ஜானுக்குட்டி, அன்றைக்கு சம்ரீன் மட்டையில் நீ அடித்தது உன் அடிதான், மூன்றையும் தாத்தா பார்த்தேன். உன் கை நல்ல கை, தாத்தா வாங்கின மட்டைதான் தப்பு. அது தெரிந்தும் உன்னைப் பேச்சு வாங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாத்தாவை மன்னித்துவிடு. இதைத்தான் எழுதியிருக்கிறேன். கோபம் இருந்தால் ஒரு வாரம் கழித்துக்கூடப் படி, ஆனால் படிக்கும்போது அப்பாவின் மரியாதை போகிறதே என்று ஒரு வார்த்தையையும் மாற்றாதே கலை. ஆறு மாதமாக அதை அவள் காப்பாற்றியது போதும்.

குளிர் வருவதற்குள் மாப்பிள்ளையை அந்தப் பழைய கோட்டை மாற்றச் சொல். மூன்று பேரும் தீர்க்காயுசோடு, மனதில் இருப்பதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்தது, கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டிவிட்டேன், அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

உன் அப்பா,
ரெங்கராஜ்