பொட்டு தட்டைத் தொடவில்லை

ரெம்பாவ்

அன்பு மகள் ரோகினிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மாதான் துணை இருக்க வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை, மனசைத்தான் கேட்காதே. போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அதனால்தான் மசாலாத்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பார்சல் டப்ளினுக்கு வந்து சேர்வதற்குள் நீ வளர்த்த பூனை பொட்டு இருக்காது என்றுதான் நினைக்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேற்றினார்கள். உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அம்மா பால்குடம் நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டினாள். காப்புக் கட்டியபிறகு இங்கே ஒரு வீட்டிலும் கவிச்சி கிடையாது, மீன்காரர் மோட்டார் சைக்கிள்கூட ஹாரன் அடிக்காமல் வெளி ரோட்டோடு போய்விடும். பூனை பிஸ்கட்டில் மீன் வாடை அடிக்கிறது என்று அதையும் அம்மா ஒளித்துவைத்துவிட்டாள். வருசா வருசம் இந்த நாள்களில் பொட்டு தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்து, நம்மையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும், அதன் ராங்கி உனக்குத் தெரியாததா. ஆனால் இரண்டாம் வேளை வழிக்கு வந்துவிடும். இந்த வருசம் தட்டைத் தொடவே இல்லை என்றபோதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதலாளிக்குக் கெம்போங் மீன் வேண்டுமாம், காப்பை அவிழ்க்கட்டுமா என்று அம்மாவைக் கிண்டல் செய்தேன். பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா அடுப்படியில் போய்த் தின்றுவிட்டு வருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், நம் வீட்டில்தான் தின்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். பொட்டு இளைத்துக்கொண்டே போகிறதே என்று அம்மா ஒருநாள் வேலியோரம் கேட்டபோது, எங்கூட்டுல என்னா இருக்கு குமுதா, நாங்களும் காப்புதானே லா என்றாராம். ஊரே விரதம் இருக்கும்போது அது எந்த வீட்டில் போய்த் தின்னும். இத்தனை வருசம் லோரி ஓட்டிய மண்டைக்கு இந்தச் சின்ன விசயம் ஏறவில்லை பார்.

உடனே சிரம்பானுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே மிருக டாக்டர் ஒரு சீனப் பெண், பொட்டின் காதை மடித்துக் காட்டினாள், உள்ளே மஞ்சளாக இருந்தது. வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல் அழுகிப்போயிருக்கிறது. பல் வலியில்தான் முதலில் தின்னாமல் இருந்திருக்கிறது, ராங்கியும் இல்லை ஒன்றும் இல்லை. பூனை மனுசனைப்போல் விரதம் இருக்கக்கூடாதாம், தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைத்துக்கொள்ளுமாம், அதன்பிறகு பசியே எடுக்காதாம். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே அங்கிள், இதற்கு வயசும் ஆகிவிட்டது என்று மலாயில் மெதுவாகத்தான் சொன்னாள். ஊசி போட்டு, கரைத்து ஊட்டுவதற்கு டின் சாப்பாடும் கொடுத்தாள்.

அந்த டின்னிலும் இறைச்சிதான், வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. வெளியே கார் நிற்கும் இடத்தில் துண்டில் சுற்றி மடியில் வைத்து நான் ஊட்டினேன். பாதியைத் துப்பியது, பாதியை வாந்தி எடுத்தது. பார்த்துக்கொண்டு நின்ற அம்மா உள்ளே போய், காப்பை அவிழ்த்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். ரெம்பாவ் மீன் பாசாருக்குப் போகலாம், மோட்டாரை எடுங்க என்றாள். நான் தடுக்கவில்லை. கெம்போங் மீன் வாங்கிவந்து, தன் கையாலேயே அவித்து, முள் எடுத்து, ஆறவைத்து நீட்டினாள். பொட்டு அவள் விரலை முகர்ந்தது, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பால்குட ஊர்வலம் நம் வீட்டைத் தாண்டிப் போனபோது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். இப்போது அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை. பூனைக்காக அழுகிறாள் என்று நினைத்தேன், அதற்கு மேலே பயம் உன்னைப் பற்றித்தான். ஏங்க, வயித்துப் பிள்ளைக்கு ஒன்னும் ஆயிடாதில்ல என்று சோறு போடும்போதும் கேட்கிறாள், துணி காயப்போடும்போதும் கேட்கிறாள். வாயில்லாத ஜீவனுக்குச் சோறு ஊட்ட அவிழ்த்த காப்புக்கு எந்த ஆத்தா கோபிப்பாள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, அவளிடம் காட்டிக்கொள்வதில்லை. பொட்டுக்கு இனி வழி இல்லை, அது எனக்குத் தெரியும். உன் அம்மாவையாவது நீ கொஞ்சம் பார். போனில் பேசும்போது பூனை எப்படி இருக்கிறது என்று கேட்காதே. பிள்ளை உதைக்கிறது, புரள்கிறது என்று சொல், அன்றைக்கு அது அசையாமல் தூங்கினாலும் உதைத்தது என்றே சொல்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. ஈர ரோட்டில் வேகமாக நடக்காதே. நைட் டூட்டி முடியாது என்று ஆஸ்பத்திரியில் இப்போதே சொல்லிவிடு, நல்ல நர்சு என்று பேர் எடுத்தது போதும். மாப்பிள்ளை அரவிந்தைக் கேட்டதாகச் சொல்.

எப்போதும் அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம் என்றுதான் முடிப்பேன். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, பூனையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வாசலிலிருந்தே சொல்கிறாள், இந்தத் தடவை தன் பேரைப் போட வேண்டாமாம். காப்பை அவிழ்த்த கையாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த ஆசி ஆகாதாம். சரி என்று தலையாட்டிவிட்டேன். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக நூறு வருசம் இரு மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா திருநாவுக்கரசு
உன் அம்மா குமுதவல்லி