எஞ்சினில் யாரை உட்கார வைப்பது

அன்பு மகள் ஹேமாவுக்கு, சின்னமனூரில் இருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தோட்டம், நாய் எல்லோரும் சுகம். உன் கஸ்தூரி அத்தை எங்களை விடச் சுகம், வாயும் அதே சுகத்தில்தான் இருக்கிறது. பிலாஸ்பூர் வெயிலும் நிலக்கரித் தூசியும் உன்னை ரொம்பப் படுத்தாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வண்டியில் இருந்தால் நீ போனை அணைத்துவிடுகிறாய், வண்டியை விட்டு இறங்கினால் நீயே அணைந்துவிடுகிறாய். அப்புறம் நான் எப்போது பேசுவது? அது போக, இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நானும் கத்துவேன், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அதனால்தான் எழுதுகிறேன். பார்சலில் அதிரசத்துக்கு மேலே ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அதற்குள் பஞ்சில் சுற்றி மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். தின்றுவிடாதே. அவர்கள் யார் என்று சொல்கிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த ரயில் செட் மாடி அறையில் பாதியைப் பிடித்துவிட்டது. தேனி ஸ்டேஷனைத்தான் செய்திருக்கிறேன், பின்னால் தெர்மோகோலில் மலை. அப்பா ஒரு நாள் ஏறி வந்து, தேனிக்கு நிலக்கரி வண்டி எங்கன வருது என்று கேட்டார். எம் மக ஓட்டுறது நிலக்கரி வண்டி, அது எங்கன போகணும்னு நான்தான் சொல்லுவேன் என்றேன். அதோடு இறங்கிப் போய்விட்டார். அத்தைக்கு இதில் ஒரே ஆச்சரியம். பாலிடெக்னிக்கை ரெண்டாம் வருசத்துல விட்டா, எம்பிராய்டரி மெசினை வித்தா, காளானை அழுக விட்டா, இதை மட்டும் எப்படி இன்னும் விடல என்று தெருவில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காளான் அழுகினது கரண்ட் போனதால், அதை மட்டும் சொல்ல மாட்டார். பாலிடெக்னிக்கை நானாக விடவில்லை, கல்யாணத்தை வைத்து விட வைத்தார்கள். அதையும் சொல்ல மாட்டார்.

தண்டவாளம், மலை, ஸ்டேஷன் எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. பொம்மை ஆட்கள்தான் பாடாய்ப் படுத்திவிட்டார்கள். ஆன்லைனில் ஒரு பாக்கெட்டில் நூறு பேர் என்று போட்டிருந்தான், அவசரத்தில் அளவைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். வந்ததைப் பார்த்தால் ஸ்டேஷன் மாஸ்டர் அவர் ரூம் கதவின் பூட்டுக்குக்கூட எட்டவில்லை. மறுபடி கோயம்புத்தூரில் ஒரு கடையில் கேட்டுச் சரியான அளவில் வாங்கினேன், ஒரு ஆள் சுண்டுவிரலின் மேல் கணு உயரம் இருப்பான். அளவு சரி, ஆள் சரியில்லை. எல்லோரும் கோட்டு சூட்டு, பெண்கள் எல்லாம் கவுன், அத்தனை பேரும் எங்கேயோ ஓடுகிறார்கள் அல்லது யாருக்கோ கையாட்டுகிறார்கள். ஓடுகிற ஆளை பிளாட்பாரத்தில் வைத்துப் பார்த்தேன். வண்டி பத்துத் தடவை சுற்றி வந்தது, அந்த ஆள் பத்துத் தடவையும் வண்டியை விட்டுவிட்டான். பார்க்கவே பாவமாக இருந்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், ஓடுகிறவன், கையாட்டுகிறவன், சிரிக்கிறவன் யாரும் வேண்டாம், சும்மா இருக்கிறவன்தான் வேண்டும். சும்மா இருக்கிற ஆள்தான் உயிரோடு இருக்கிற மாதிரி தெரிகிறான்.

நம் ஆட்கள் சும்மா எப்படி இருப்பார்கள் என்று பார்க்கத் தேனி ஸ்டேஷனுக்கே போய் உட்கார்ந்தேன். ஒருத்தர்கூட நேராக நிற்கவில்லை ஹேமா. ஒரு காலில் கனத்தைப் போட்டு இடுப்பை ஒடித்துத்தான் நிற்கிறார்கள். பெண்கள் பையை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறார்கள். பெஞ்சு காலியாக இருந்தாலும் ஆம்பளைகள் சாக்கின் மேல்தான் உட்காருகிறார்கள். நான் ஒரு பேப்பரில் கிறுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து ஒரு ரயில்வே போலீஸ்காரர் வந்து, என்னம்மா வரையிறீக, யாரு நீங்க என்று அதட்டினார். பொம்மை செய்யறேன் சார், உங்களையும் ஒன்னு செய்யவா என்றேன். ஒரு நிமிஷம் முறைத்தார், அப்புறம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அவரை வயிற்றோடுதான் செய்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பிளேடும், என் கடையில் செல்போன் ரிப்பேருக்கு வைத்திருக்கிற இடுக்கியும் எடுத்து வேலையை ஆரம்பித்தேன். பொம்மைகளின் கோட்டைச் சீவி எடுத்தேன். டிஷ்யூ பேப்பரை பசையில் நனைத்து லுங்கி கட்டிவிட்டேன். இடுப்பில் லேசாக வெட்டி வளைத்தால் ஆள் ஓய்ந்து நிற்கிறான். பாக்கெட்டில் பேப்பர் படிக்கிற வெள்ளைக்காரர்கள் நிறைய இருந்தார்கள், பேப்பரை நறுக்கினால் போன் பார்க்கிற பையன் ரெடி. இப்போது பிளாட்பாரத்தில் பாதிப் பேர் போன்தான் பார்க்கிறார்கள்.

மிச்சம் இருந்தது எஞ்சின். பாக்கெட்டில் வந்த டிரைவர் தொப்பி போட்ட தாத்தா, ஜன்னலில் முழங்கையை வைத்து டாட்டா காட்டுகிறார். நீ அன்றைக்கு போனில், நாங்க யாருக்கும் டாட்டா காட்ட மாட்டோம்மா, சிக்னலைப் பாத்துக் கையை நீட்டி என்ன கலர்னு சத்தமாச் சொல்லணும் என்று சொன்னாயே, அதை மனசில் வைத்து உன்னையே செய்ய உட்கார்ந்தேன். கவுன் போட்ட ஒருத்தியைப் பிடித்து, பேண்ட் சட்டை மாட்டி, பெயிண்ட் மட்டும் பாக்கி என்று எஞ்சினில் காய வைத்திருந்தேன். வினை அங்கேதான்.

இனி சொல்லப் போவதற்குக் கோபப்படு, பட்டுவிட்டு மேலே படி. போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பற்றிப் பேச கூடலூரில் இருந்து வந்தார்கள். ஏற்பாடு உன் அத்தை. பையன் சுரேஷ்கண்ணன், லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் ஷிப்ட் வேலை. அவனும் அவன் அம்மா சொர்ணலதாவும் மட்டும் வந்தார்கள், அவன் அப்பா திராட்சைக்கு மருந்தடிப்பு என்று வரவில்லை. சும்மா வீடு பார்த்துவிட்டுப் போகட்டும், பிடித்தால் உன்னிடம் சொல்லலாம் என்று நானும் இருந்துவிட்டேன். அவர்கள் வருவதற்கு முன்னால் அத்தை மாடிக்குப் போய் எஞ்சினைப் பார்த்திருக்கிறார். நல்ல காரியம் பேசுற வீட்டுல பொம்பளப் புள்ளைய பேண்டு சட்டையோட வச்சிருக்காளே என்று மனசு பொறுக்காமல், என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துப் புடவை ஆக்கிவிட்டார். முகத்துக்கு மஞ்சள் பூசிவிட்டார். தலையில் வெள்ளையாக ஒரு பொட்டு, அது பூவாம். நான் வடைச் சட்டியோடு நின்றதால் இது எதுவும் எனக்குத் தெரியாது.

காபி குடிக்கும்போது சொர்ணலதா அம்மா என்னிடம், ஏன் மதினி, ஒங்க பொண்ணு சீட்டுக் குடுக்குற எடம் ஏசியாம்ல, நல்ல குளுகுளுன்னு இருக்கும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தையைப் பார்த்தால் அவர் சேவுத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ரயில்வே உத்தியோகம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார், இவர்கள் டிக்கெட் கவுன்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்து, மாடியில ரயிலு ஓடுது, வாங்க காட்டுறேன் என்று அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டார். பின்னாலேயே எல்லோரும் ஏறினோம். அப்பாதான் வண்டியை ஓட்டிக் காட்டினார். எஞ்சின் ஸ்டேஷனுக்கு வந்து நின்றதும் சொர்ணலதா அம்மா குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார். சிவப்புப் புடவை, மஞ்சள் முகம். டப்பென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்க ஊருல பஸ்ஸுல ஆத்தா படந்தேன் வப்பாக, நீங்க வீரபாண்டி ஆத்தாளையே எஞ்சின்ல உக்கார வச்சுட்டீகளே மதினி என்று உருகிவிட்டார். உன் அத்தை கொஞ்சமும் கூசாமல், ஆமா, தொணைக்கு இருக்கட்டும்னுதேன் என்று சொல்லிக் குங்குமச் சிமிழை எடுத்து நீட்டுகிறார். அந்த அம்மா எஞ்சின் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்துவிட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை, ரெண்டும்தான். அது ஆத்தா இல்ல மதினி, எங்க ஹேமா, அவ சீட்டுக் குடுக்கல, எஞ்சின்லதான் வேலை, உதவி லோகோ பைலட்டு என்று போட்டு உடைத்துவிட்டேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். சொர்ணலதா அம்மா பொட்டு வைத்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, ராத்திரியிலயுமா என்று கேட்டார். ராத்திரியிலயும்தான் என்றேன். கல்யாணத்துக்குப் பெறகு ஆபீஸ் வேலைக்கு மாத்திக்கிரலாம்ல என்றார். அவ பரிச்ச எழுதி வாங்குன வேலை மதினி, மாத்துறதா இருந்தா அவளாத்தேன் மாத்தணும், நான் சொல்ல மாட்டேன் என்றேன். உன் அப்பா, சரி, இன்னொரு தடவை ஓட்டவா என்றார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

வண்டி சுற்றி வந்தது. அந்தப் பையன் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, எஞ்சினைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு ஆளு எங்க, ஒத்தையா விடமாட்டாகளே என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஞ்சினில் ரெண்டு பேர் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், உன்னைச் செய்கிற மும்முரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற உன் லோகோ பைலட்டை மறந்தே போனேன். உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும் என்றேன். பவர் ஹவுஸுல நைட்டு ஷிப்டுக்கு எங்களையும் ஒத்தையா விடமாட்டாக என்றான். அப்புறம் எழுந்து அவன் அம்மாவிடம், நானும் ராத்திரி வேலைக்குத்தான போறேன், என்னைய எந்த ஆபீஸுக்கு மாத்தப் போற என்று கேட்டான். அந்த அம்மா, ஏலே, நீ ஆம்பள என்றார். மெசினுக்கு அது தெரியாதும்மா என்றான். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷிதான் அந்த அம்மா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகவில்லை, வடை நன்றாக இருந்தது என்றும் சொன்னார். அத்தை மட்டும் என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

இப்போது டப்பாவுக்கு வா. புடவை கட்டின ஆளை எடுத்துவிட்டுப் புதிதாக மூன்று பேர் செய்திருக்கிறேன். உட்கார்ந்து சிக்னலுக்குக் கை நீட்டுகிற ஒருத்தி, ஜன்னல் ஓரம் நின்று பச்சைக் கொடி பிடிக்கிற ஒருத்தி, மூன்றாவது தொப்பையோடு ஒரு லோகோ பைலட். எந்தப் பெண் நீ என்று பார்த்துச் சொல். கொடி பிடிப்பது எந்தக் கையில், லோகோ பைலட் எந்தப் பக்கம் உட்காருவார், மீசை உண்டா, தொப்பை இவ்வளவு வேண்டுமா என்றும் எழுது. அவரிடமே காட்டிக் கேட்டாலும் சரி, கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. புதன்கிழமை அந்தப் பையன் கடை நம்பருக்குப் போன் பண்ணினான். அம்மா இன்னும் யோசிக்கிறாக, எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா ஒங்க பொண்ணு மனசு தெரியாம நான் எதுவும் பேசக்கூடாது என்றான். உன் நம்பரைக் கேட்டான். அவளைக் கேக்காமத் தரமாட்டேன் தம்பி என்றேன். சரிங்க, அப்ப ஒன்னே ஒன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, விடியக்காலம் மூணு மணிக்குக் கண்ணு தானா சொருகுமே, அப்ப அவுக என்ன செய்வாக, எனக்கு மொகத்துல தண்ணி அடிச்சாலும் நிக்க மாட்டேங்குது என்றான். இடுக்கியில் ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பிடித்திருந்தேன், அது எங்கே விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை. நீ வேலையில் சேர்ந்ததில் இருந்து சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா, கூட இருக்கிறவர் நல்லவரா என்று தினமும் கேட்கிறேன். இதை நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை ஹேமா.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ போகிற தடமெல்லாம் பச்சை விழட்டும், வீரபாண்டி ஆத்தா நிஜமாகவே துணைக்கு வரட்டும். பையன் விஷயத்தில் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரு வரி போதும், போய்ச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. பொம்மைக்குப் பதில் மெதுவாக எழுது. மூணு மணிக்கு என்ன செய்வாய் என்பதை மட்டும் உடனே எழுது, முதலில் எனக்கு, உனக்குத் தோன்றினால் அப்புறம் அவனுக்கு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
சு. யுவராணி