நான் சேர்த்த வரி

செவ்வாய், இரவு.

கனகசெட்டிக்குளத்துப் படகில் நாளை பொருத்த வேண்டிய வழிகாட்டும் கருவி, மூன்று நாளாக ஆன் செய்ததுமே செத்துப்போய்க்கொண்டிருந்தது. நிரல் துண்டுகளைக் கோத்து ஓடவைக்கும் லிங்கர் என்ற நிரலை எழுதியவள் என்னிடம் வேலை பார்க்கும் செல்வி. என் சந்தேகமும் அவள்மீதுதான். எங்கே சாகிறது என்று பார்க்க, லிங்கரின் தொடக்கத்தில், 'இதுவரை வந்தாயிற்று' என்று திரையில் காட்டும் ஒரு பிரிண்ட் வரியை நேற்று சேர்த்தேன். அதன்மேல் 'செல்வி கவனிக்க' என்று குறிப்பும் எழுதினேன்.

இன்று மாலை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மேடம், அந்த இடத்துல லிங்கர், மெமரியில தான் எங்க இருக்குங்கற முகவரியையே இன்னும் சரிபண்ணிக்கல. அதுக்கு முன்னாடியே பிரிண்ட்டைக் கூப்பிட்டா எங்க போயி விழும்? என் தப்பை நேத்தே திருத்திட்டேன். இப்ப சாவடிக்கிறது உங்க வரிதான்."

நம்பாமல்தான் அந்த வரியை நீக்கினேன். கருவி சமர்த்தாக ஓடியது.

குறிப்பை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. செல்வியின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.