ரவுட்டருக்கு வைத்த பொட்டு

இன்று ஆயுத பூஜை. குழைத்த சந்தனத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிறேன். வாசனை வந்ததும் உங்கள் மேல் கோபம்தான் முதலில் வந்தது. போய்ச் சேர்ந்த புருஷனைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைக்கும் மெஷின்களோடு ஆயுசைக் கழித்தவர் நீங்கள். பூஜையன்று ஒரு மோட்டார் விடாமல் பொட்டு வைத்த பிறகுதான் சாப்பாடு. ஓய்வு பெற்று நமுனுகுலை மலை அடிவாரத்து வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு மிஞ்சியது மகள் படித்த காலத்துக் கம்ப்யூட்டரும், அதோடு வயரால் இணைத்த ரவுட்டரும்தான். அவற்றை விட்டுவிடுவீர்களா?

பேத்தி பிறந்த வருடம், பூஜைக்கு மறுநாள் அவளுக்குப் பெயர் வைக்கிற நாள். மகள் குடும்பம் கட்டாரில். போனில் பார்த்தால் போதாதா என்றேன். பெரிய திரையில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். அதுவரை போனில் பிள்ளையைக் காட்டியபோதெல்லாம் "நல்லா இருக்கா" என்று சொல்லிச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஆம்பளைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர் வைக்கிற அன்று காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் இணையம் இல்லை. என் போனில் வைஃபை ஒழுங்காக வந்தது, வயர் வழியாகத்தான் ஒன்றும் வரவில்லை. மருமகன் போனில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வயரைக் கழற்றிப் போட்டீர்கள். வேறு வயர் மாற்றினீர்கள். கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டும் பார்த்தாயிற்று.

"மாமா, ரவுட்டர்ல வயர் சொருகுற எடத்துல குட்டி லைட்டு எரியுதுங்களா?" என்று கேட்டார்.

"எரியுது" என்றீர்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அது எரியவில்லை.

உங்களை நகர்த்திவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். வயர் சொருகும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது. பக்கத்து ஓட்டைகளுக்கும் அதே கதி. தூசி துடைக்க வயரைக் கழற்றியவர், ரவுட்டரின் முன்பக்கம் என்று நினைத்துப் பின்பக்கத்தில் தடவித் தடவிப் பொட்டு வைத்திருக்கிறீர்கள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. உங்களுக்குக் கண் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேத்தியின் முகத்தை நீங்கள் ஒருநாளும் பார்த்திருக்கவில்லை.

"எவ்வளவு நாளாங்க இப்படி?" என்றேன்.

"பேரு வச்சு முடியட்டும். அப்புறமா டொக்டர்கிட்ட போவோம்."

கரண்டை நிறுத்திவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் நான் சுரண்டச் சுரண்ட, தப்புச் செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பப் போட்டபோது பச்சை விளக்கு எரிந்தது, திரை நிறையப் பேத்தி வந்தாள். முகம் இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தீர்கள்.

"மூக்கப் பாரு, அப்படியே உன் மூக்கு."

அது உங்கள் மூக்கு. நுனி பரந்து, உங்கள் குடும்பத்தில் யாரையும் தப்பவிடாத அதே மூக்கு. திரையில் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று நான் தலையசைத்ததும் அடங்கிவிட்டாள். "ஆமாங்க" என்றேன்.

பதுளையில் டொக்டர், பிந்திவிட்டது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நீங்கள் இருந்த காலமெல்லாம் வீட்டுக்கு வந்தவர்களிடம் அந்த மூக்கைப் பற்றித்தான் பேச்சு. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இப்போது வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அந்தப் பெருமைப் பேச்சுக்கு ஏங்கிப் போகிறேன்.

போன மாதம் பேத்தி முதன்முதலாக வந்தாள். சுவரில் உங்கள் படத்தையும் கண்ணாடியில் தன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குத் தாத்தா மூக்குதானே என்று கேட்டாள்.

"இல்லடி, அம்மாச்சி மூக்கு" என்றேன். "தாத்தாவே பாத்துச் சொன்னாரு."