வெண்புறா காரின் இடப்பக்க ஸ்டீரிங்

ஜூன் 12, 2024

விருதுநகர் வெண்புறா சைக்கிள் கம்பெனியின் நூற்றாண்டு மலர் எங்கள் சிவகாசி அச்சகத்துக்கு வந்திருக்கிறது. புரூஃப் என் மேசைக்கு. நூறு வருஷம் சைக்கிள், நடுவில் மூன்றே மூன்று கார். அந்த மூன்றுக்குப் பதினாறு பக்கப் பீற்றல்.

ஜூன் 14

பக்கம் 41: "ஸ்டீரிங்கை ஃபிட்டர் பெத்தணன் தவறுதலாக இடப்பக்கம் பொருத்தியதால் கார்கள் விலைபோகவில்லை."

பெத்தணன் என் அப்பா. வேலை போய், சாகிறவரை ஊர்ச் சிரிப்பைக் கேட்டவர். "முதலாளி படத்துல இருக்க மாதிரிதான் வைக்கச் சொன்னாரு" என்பார். எந்தப் படம்? கேட்காமல் விட்டேனே.

செத்த மனுசனை இப்பக் கலர்ல வேற கேவலப்படுத்தணுமாக்கும்.

ஜூன் 19

முதலாளியின் பேரன் ராஜபாண்டியனுக்குப் போன் செய்தேன். "தாத்தா சொன்னதுதான்க்கா வரலாறு. அதுல கை வைக்காதீக. என் போட்டோ மட்டும் கொஞ்சம் வெளுப்பா வரட்டும்."

இதுதான் அவன் கவலை.

ஜூலை 2

அச்சகத்தின் பழைய மாதிரித் தாள்களுக்குள் வெண்புறாவின் 1959 காலண்டர் கிடைத்தது. ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷக் காலண்டரைக் காட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். ஆக, ஓவியர் வரைந்த கார் படம் 58 ஆடியில் அச்சாகிவிட்டது. கார் செய்ததோ அடுத்த தையில்.

படம் இடம் வலம் மாறி விழுந்திருக்கிறது. காருக்குப் பக்கத்தில் நிற்கும் சைக்கிளுக்கும் செயின் இடப்பக்கம்! சைக்கிள் விற்றே சாப்பிட்ட சீனிவாசக முதலாளிக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை. கூடவே இருந்த புரூஃப் தாளில் 'அச்சிடலாம்' என்று அவர் கையெழுத்து வேறு. பத்தாயிரம் காலண்டர் ஊரெல்லாம் போய்விட்டது. கௌரவம் போகாமலிருக்க, காரைப் படத்துக்குத் தக்கபடி செய்யச் சொல்லியிருக்கிறார். த்தூ.

ஜூலை 8

பக்கம் 41-ஐ மாற்றி எழுதினேன். காலண்டரையும் சேர்த்தேன். பிடிபட்டால் வேலை போகும். போகட்டும்.

ஜூலை 11

ராஜபாண்டியன் வந்தான். தன் போட்டோவை மூன்று தரம் பார்த்தான். மற்றதைப் புரட்டக்கூட இல்லை. 'அச்சிடலாம்' போட்டுவிட்டான். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

ஜூலை 28

வெளியீட்டு விழா. மேடையில் கார் கதையை அவனே வாசித்தான். "தவறு ஃபிட்டர் பெத்தணனுடையது அன்று, பார்க்காமல் கையெழுத்திட்ட எங்கள் நிறுவனருடையது..." நின்றான். தண்ணீர் குடித்தான். பிறகு மீதியையும் வாசித்தான்.

கீழே இறங்கியவன் என்னைப் பார்த்தான். போட்டோவில் கேட்ட வெளுப்பு முகத்துக்கே வந்திருந்தது.

"மூவாயிரம் பொஸ்தகம் அச்சாயிருச்சேக்கா. இனி அதுதான வரலாறு?"

"ஆமா தம்பி."

அச்சானதற்குத் தக்கபடி நடந்துகொள்கிற குடும்பம். அறுபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் புத்தி அப்பாவுக்கு உதவியிருக்கிறது.