பை பார்க்க வந்தவள்

சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நாளை எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் பெண்கள் எல்லோரும் வேனில் பாண்டி. புளிசாதம், உருளை வறுவல் என் பொறுப்பு.

ஒரு சீட் காலி. பக்கத்து ஊர் வடக்குத்து அஞ்சலைக்குச் சொன்னேன். எங்கள் பிளாக்குக்கே பிளவுஸ் தைப்பவள், பாண்டி பார்த்ததே இல்லை. அவள் வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஏற்பாடு செய்யும் மங்கை மேடம் முகத்தைச் சுருக்கினார். "பெர்மனென்ட் ஃபேமிலி மட்டும்னுதானே பேச்சு?"

யார் பேசியது? என்னிடம் யாரும் பேசவில்லை. வேன் காசை எல்லோருக்கும் முன்னால் கொடுத்தவள் அஞ்சலை.

ஞாயிறு

இன்னும் ஆறவில்லை. கோபம்தான்.

முதலில் சர்ச். இறங்கும்போதே மங்கை மேடம், "பையெல்லாம் யாராவது பாக்கணுமே. அஞ்சலை, நீ இருந்துக்கோ." மியூசியத்திலும் அதேதான். "நீங்க போய்ட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றாள் என்னிடம். போனேனே! நானும் போய் பழைய பல்லக்கு, கட்டில் எல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். வெட்கம்.

பீச் ரோட்டில் மேடம் மறுபடி வாயைத் திறந்தார். என் பையை அவர் மடியில் வைத்தேன். "இந்தத் தடவை நீங்க பாருங்க மேடம்." அஞ்சலை கையைப் பிடித்து இறங்கிவிட்டேன்.

வெள்ளைக்காரத் தெருக்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ. "இம்மாம் பெரிய வூட்டுல ஆருக்கா இருக்காங்க?" எனக்கும் தெரியாது. பிறகு கடலோரக் கல்லில் இறங்கி நின்றாள். அலை அடித்து இடுப்பு வரை நனைந்து, அப்படி ஒரு சிரிப்பு.

சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பினோம். வேன் இல்லை. மேடத்துக்குப் போன் செய்தால், "பிள்ளைங்களுக்கு நாளைக்கு ஸ்கூல். கிளம்பிட்டோம்."

என் பர்ஸ் அந்தப் பையில். கடலூர், வடலூர் என்று பஸ் மாறி வந்தோம். எனக்கும் டிக்கெட் எடுத்தது அஞ்சலை.

திங்கள்

கேட்டில் பை தொங்குகிறது. புளிசாத டப்பா கழுவாமல். குரூப்பில் போட்டோக்கள், கீழே 'மறக்க முடியாத நாள்!' ஆமாம், மறக்க மாட்டேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து இவர் வந்தார். எல்லாம் மைன்ஸிலேயே கேள்விப்பட்டாயிற்று. "மங்கை மேடம் வீட்டுக்காரர் என் ஆபீசர். போய் ஒரு சாரி சொல்லிடு. என்ன குறைஞ்சிடும்?"

சாரியா? நானா? விட்டுவிட்டு ஓடியது அவர்கள்! ராத்திரிக்கு உப்புமாதான். அதுவும் உப்பில்லாமல்.

புதன்

பால் வரவில்லை. கரண்ட் இரண்டு தடவை போனது.

இவரே போய் எனக்காக சாரி சொல்லிவிட்டாராம். பெருமையாகச் சொல்கிறார். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். பேசினால் தெருவே கூடும்.

சாயங்காலம் அஞ்சலை. பஸ் காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரரையும் புள்ளைங்களையும் இட்டுக்கினு பஸ்ல பாண்டி போறோங்க்கா. அந்த மூசியத்தப் பாக்கணும். நீங்களும் வர்றீங்களா?"

உள்ளே இவர் இருமினார்.

"வரேன் அஞ்சலை" என்றேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் வரை கேட்கும்படி.