நான் சாகடித்த நாய்

பெப்ரவரி 3, செவ்வாய்

மழை. இன்று முதல் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுவேன், எனக்குப் பாதகமானதையும்.

சின்னோர் வீத்தோ அப்பாவுக்கு எழுதிவைத்த துப்பாக்கி வந்தது. அப்பா அந்த இத்தாலிய முதியவரை ஆறு வருடம் பராமரித்தவர். கடைசி இரண்டு மாதம் சின்னோர் மகள் வீட்டில், தன் நாய் பெப்பேயுடன். அங்கேதான் இறந்தார்.

நூலகப் புத்தகத்தோடு ஒப்பிட்டது:
– பக்கவாட்டில் பாம்பு வடிவப் பித்தளைத் தகடு. வட அமெரிக்காவில் தோலுக்குப் பண்டமாற்றாகக் கொடுத்த வகை.
– தீக்கல் உரசிச் சுடும்.
– குழலின் அடியில் இத்தாலிய முத்திரை, புதியது. ஆகவே நகல்.

"அப்ப கள்ளத் துவக்கோ?" அம்மா.
"இல்லையம்மா, பழசைப் பாத்துச் செய்தது."

பெட்டிக்குள் சின்னோர் எழுதிய துண்டுக் கடதாசி: 'இல் கானே ஏ கிரெப்பாத்தோ.' வீட்டுக்கு வரும் இத்தாலியக் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. உடனே சொன்னேன்: "நாய் செத்துப்போச்சாம்."

"மனுசன் செத்த முப்பத்தொண்டாம் நாள் பூசை நாளைக்கு முடியட்டும், பிறகு கேட்டுக் கூட்டி வருவம் எண்டெல்லோ இருந்தனான்." அப்பா குசினிக்குள் போய் அழுதார்.

பெப்ரவரி 5, வியாழன்

காற்று. லத்தீன் சோதனை பரவாயில்லை. துப்பாக்கியைத் துடைக்கும்போது, தீக்கல்லைப் பிடிக்கும் கொக்கியை அப்பா பின்னால் இழுத்தார். டக். பாதி கையில்.

"மனுசன் நம்பித் தந்தது. மூண்டு நாளிலை முறிச்சுப்போட்டன்."

பெப்ரவரி 7, சனி

துப்பாக்கி திருத்துபவரிடம் போகப் பிரான்காச்சோ பஸ். துப்பாக்கி போர்வைக்குள். மீன் பிடிக்கவா என்று ஒருவர் கேட்டார். "சீ, சீ," என்று இத்தாலியனில் ஆமாம் போட்டார் அப்பா.

அப்பா வாசலில் திரும்பிப் போகும் பஸ் நேரம் பார்க்க, திருத்துபவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பழைய வெடிப்பு. கானே முன்பே கிரெப்பாத்தோ."

"எந்த நாய்?"

முறிந்த துண்டைக் காட்டிச் சிரித்தார். "இது! கல்லைக் கவ்வுகிறதே. படிக்கிற பிள்ளை, இதுகூடத் தெரியாதா?"

வெடித்தது. செத்தது. இரண்டுக்கும் ஒரே சொல். கொக்கிக்கும் நாய் என்றே பெயர். இழுக்காதே என்று சின்னோர் எச்சரித்திருக்கிறார்.

"என்னவாம் பிள்ளை?"
"புதுசு வார்த்துப் பூட்டுவாராம். பத்து நாள்."

அதுமட்டும்தான் சொன்னேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பூசை. அப்பா பெப்பேக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். கோவில் படியில் வைத்து எல்லாம் சொன்னேன். ஏசவில்லை.

"அப்ப நாய் உயிரோடையோ?"

சின்னோரின் மகளுக்குப் போன், ஸ்பீக்கரில். "நாதன், நீங்கள் கேட்பீர்கள் என்று எவ்வளவு நாள் வைத்திருந்தேன்! வெள்ளிக்கிழமைதான் சியாகுல்லியில் ஒரு தோட்டக்காரருக்குக் கொடுத்தேன்."

வெள்ளிக்கிழமை. நான் பிழையாக வாசித்தது செவ்வாய். இல்லாவிட்டால் அப்பா வியாழனே கேட்டிருப்பார்.

போனோம். மந்தரீன் தோடம்பழ மரங்களுக்குள்ளிருந்து பெப்பே பாய்ந்து வந்து அப்பாவின் மேல் ஏறியது. தோட்டக்காரரின் சின்ன மகள் பின்னால் ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேறு பெயரும் வைத்துவிட்டாள்.

"இருக்கட்டும், பிள்ளை ஆசைப்படுது," என்றார் அப்பா. நாயைத் தரச்சொல்லிக் கேட்கவேயில்லை.

வீட்டில் மன்னிப்புக் கேட்டேன். "போய்ப் படி." பிறகு அம்மாவிடம், நாய்முடி ஒட்டிய கால்சட்டையைத் தோய்க்க வேண்டாம் என்றார். விளக்கை அணைத்துவிட்டார்கள்.